கால் இன்ச்

எங்க ஊர் போடியில ஒரு மில்லிமீட்டருக்கு விலை உண்டு. சும்மா பேச்சுக்குச் சொல்லல. ஏலக்காயைச் சல்லடையில சலிச்சு 8 மிமீ, 7 மிமீன்னு பிரிப்பாங்க. 8 மிமீ சல்லடையில நிக்கிற காய் ஒரு மூட்டை, ஒரு விலை. கீழ விழுந்த காய் வேற மூட்டை, வேற விலை. ஏலம் நடக்கிற இடத்துல அந்த ஒரு மிமீ வித்தியாசத்துக்கு வியாபாரிங்க மல்லுக்கட்டுவாங்க. எங்க அம்மா பகல்ல ஏலக்காய் குடோன்ல காய் பொறுக்குறாங்க, ராத்திரி வீட்டுல ஜாக்கெட் தைக்கிறாங்க. அப்படிப்பட்ட வீட்டுல பிறந்துட்டு, மெக்கானிக்கல் மூணாவது வருஷமும் படிச்சுட்டு, ஒரு மிமீயைக் கண்டுக்காம விட்டு நாலு நாள் அவஸ்தைப்பட்ட கதையைத்தான் உங்ககிட்ட சொல்லப் போறேன். நீங்க தையல் மெஷினைத் தொட்டதே இல்லைன்னாலும் படிக்கலாம். டாலரன்ஸ் சம் போட்டிருப்பீங்கள்ல, அது போதும்.

போன தை மாசம் தாத்தா தவறிட்டாரு. அவரும் அப்பத்தாவும் மலையில ஏலத்தோட்டத்துல வேலை பார்த்தவங்க. போடிமெட்டு ஏறி, 17 கொண்டை ஊசி வளைவு தாண்டி, பூப்பாறைப் பக்கம். இங்க இருந்து விடியக்காலையில ஜீப்ல போயிட்டு ராத்திரி திரும்புறவங்க நிறைய. இவங்க ரெண்டு பேரும் திங்கக்கிழமை போனா சனிக்கிழமைதான் இறங்குவாங்க. நடுவுல தோட்டத்து லயத்துல தங்கல். தாத்தா போனதுக்கு அப்புறம் அப்பத்தா கொஞ்ச மாசம் வீட்டோட இருந்துச்சு. ஆடி பாதியில, "ஆவணி பொறந்ததும் காய் எடுப்புக்குப் போறேன்"னுச்சு. யார் சொல்லியும் கேக்கல. அந்த மாசத்துல அங்க மழையும் மூடுபனியும் சேர்ந்து அடிக்கும். இதுவரைக்கும் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கம்பளி, பக்கத்துல ஒரு ஆள். இனிமே ஆள் இல்லை.

தாத்தாவோட சட்டை நாலு பீரோவுல கிடந்துச்சு. அதையும் அப்பத்தாவோட பழைய சேலைகளையும் சதுரம் சதுரமா வெட்டி ஒரு ஒட்டுத்துணிப் போர்வை தச்சுக் குடுக்கலாம்னு தோணுச்சு. ஐடியா என்னோடது. மெஷின் அம்மாவோடது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரத் திட்டத்துல வந்த கறுப்பு மிதி மெஷின். ஆம்பளப் பையன் தையல் மெஷின்ல உக்காந்தா சிரிக்கிற ஆளுங்க உங்க ரூம்லயும் இருப்பாங்க. அதே ஆளு லேத் முன்னாடி நின்னா இன்ஜினியர். ரெண்டுலயும் சக்கரமும் பெல்ட்டும் ஓடுது, ஒரு கூரான முனை வேலை செய்யுது. சரி, அது வேற கதை.

திட்டம் இதுதான். ஒரு சதுரம் 4½ இன்ச். நாலு பக்கமும் கால் இன்ச் தையலுக்குள்ள போயிடும், வெளியில தெரியுறது 4 இன்ச். ஒரு வரிக்கு 12 சதுரம், மொத்தம் 15 வரி. 48க்கு 60 இன்ச் போர்வை. இதுல நாலு சதுரத்தோட இடத்துல மட்டும் ஒரே பெரிய துண்டு, 8½ இன்ச். அது தாத்தாவோட நீலச் சட்டைப் பாக்கெட். பீடிக்கட்டு, ஜீப் காசு, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எல்லாம் இருந்த பாக்கெட். அதைப் பிரிக்காம அப்படியே போர்வையில வைக்கணும்னு ஆசை. அந்தச் சட்டை கைப்பக்கம் கிழிஞ்சிருந்ததால துண்டோட நடுவுல பாக்கெட் வரல. ஒரு ஓரமா, வெட்டின விளிம்புல இருந்து கால் இன்ச்சுக்குக் கொஞ்சம்தான் தள்ளி நின்னுச்சு. இதை ஞாபகம் வச்சுக்கங்க.

சட்டைத் துணி நைஞ்ச துணி. அக்குள், காலர், முதுகுல வேர்வையில மங்கின இடம் எல்லாம் போக, நாலு சட்டையில 60 சதுரம்தான் தேறுச்சு. ஒண்ணு தப்பா வெட்டினா கடையில போய் வாங்க முடியாது. அதனால வெட்டும்போது நிஜமாவே கவனமா இருந்தேன். முதல்ல சார்ட் அட்டையில டெம்ப்ளேட் செஞ்சேன். இருபது தடவை சாக்பீஸ் ஓட்டினதும் அட்டை ஓரம் தேய்ஞ்சு மொழுக்குனு ஆயிடுச்சு. அப்புறம் தாத்தாவோட எக்ஸ்ரே ஷீட்டை எடுத்து அதுல வெட்டிக்கிட்டேன். அது தேயாது, கீழ இருக்கிற துணியும் தெரியும். இன்னொரு விஷயம். சாக்பீஸ் கோடே ஒரு மிமீக்கு மேல தடிமன். கோட்டுக்கு உள்பக்கம் வெட்டுறதா வெளிப்பக்கம் வெட்டுறதான்னு முதல்லயே முடிவு பண்ணிட்டு, கடைசி வரைக்கும் அதை மாத்தக் கூடாது. நான் மாத்தல. வெட்டுறதுல தப்பில்லை. தப்பு தைக்கிறதுல.

மெஷின்ல ஊசிக்குப் பக்கத்துல துணியை அமுக்கிப் பிடிக்கிற இரும்புப் பாதம் இருக்கும். துணியோட விளிம்பைப் பாதத்தோட ஓரத்துல ஒட்டி வச்சு ஓட்டினா கால் இன்ச்னு எங்கேயோ வீடியோவுல பார்த்திருந்தேன். அப்படியே நாலு வரி தச்சேன். நேரா அழகா வந்துச்சு. மறுநாள் நான் காலேஜ் போயிட்டேன். அம்மா, "எவ்வளவு விடணும் தம்பி?"ன்னு கேட்டாங்க. "கால் இன்ச்"னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தா பாக்கெட் வர்ற ரெண்டு வரியையும் முடிச்சு மடிச்சு வச்சிருந்தாங்க.

என்னோட வரி மேல அம்மாவோட வரியை வச்சு இடது மூலையைப் பொருத்தினேன். முதல் மூட்டு லேசா விலகியிருந்துச்சு, ஒரு மிமீ. சரி, இழுத்துப் பிடிச்சுக்கலாம். நடுவுக்கு வரும்போது அரை இன்ச் விலகல். வலது கோடியில முழுசா ஒரு இன்ச். அம்மாவோட வரி 48½ இன்ச், என்னோட வரி 47½.

நியாயமா எவ்வளவு இருக்கணும்னு நீங்களே போட்டுப் பாருங்க. 12 சதுரம், 4½ வீதம் 54 இன்ச். நடுவுல 11 தையல். ஒவ்வொரு தையலும் ரெண்டு துண்டுலயும் கால் கால் இன்ச் தின்னும். 11 அரை இன்ச், அதாவது 5½ போக மிச்சம் 48½. இருபது வருஷமா கண்ணாலயே அளந்து தைக்கிற அம்மாவோட வரி சரி. ஸ்கேல் வச்சுப் படிக்கிற எனக்கு ஒரு இன்ச் குறையுது.

ஸ்கேலை எடுத்து என் தையலை அளந்தேன். கால் இன்ச் என்கிறது 6.35 மிமீ. என்னோடது ஏழரை. எங்க மெஷினோட பாதத்துக்கும் கால் இன்ச்சுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு பக்கத்துக்கு 1.15 மிமீ கூடுதல், ஒரு தையலுக்கு ரெண்டு பக்கம் சேர்த்து 2.3, பதினோரு தையலுக்கு 25.3 மிமீ. ஒரு இன்ச் எங்க போச்சுன்னு கணக்கு வந்துடுச்சு.

இதுல நான் யோசிச்சது ஒண்ணு. கை நடுங்கி ஒரு தையல் ஒரு மிமீ உள்ள போய், அடுத்தது ஒரு மிமீ வெளிய வந்தா, ஒண்ணை ஒண்ணு கழிச்சுக்கும். அந்த மாதிரி தப்பு பதினோரு தடவை நடந்தாலும் பதினொண்ணோட வர்க்கமூலம் அளவுக்குத்தான் வளரும், ரெண்டு பக்கமும் சேர்த்து சுமாரா 6.6 மிமீ. நாங்க மெட்ராலஜியில படிச்சது. நான் பண்ணினது அந்தத் தப்பு இல்லை. ரொம்ப ஒழுங்கா, ரொம்ப நேரா, ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமா பண்ணின தப்பு. கை நடுங்கியிருந்தாக்கூட போர்வை கிட்டத்தட்ட சேர்ந்திருக்கும்.

அம்மா ஒரு வழி சொன்னாங்க. "நீ பிரிக்காத. என்னோட வரியில இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி இன்னொரு தையல் போட்டுடுறேன், உன் அளவுக்கு வந்துடும்." நல்ல வழிதான். மொத்தப் போர்வையும் ஒரே தப்போட இருந்தா யாருக்கும் தெரியாது, அகலம் ஒரு இன்ச் கம்மி, அவ்வளவுதான். எங்க ஊர் ரயில் ரொம்ப வருஷம் 1000 மிமீ மீட்டர்கேஜ்ல ஓடுச்சு. 2010 கடைசியில நிறுத்தி, அகலமாக்கி, 2023 ஜூன்ல திரும்ப வந்தப்ப 1676 மிமீ. ரெண்டுலயும் வண்டி ஓடுச்சு. பாதி வழியில அளவு மாறினாத்தான் தடம் புரளும்.

ஆனா பாக்கெட் இருக்கே. ரெண்டு சதுரத்தைச் சேர்த்தா நடுவுல ஒரு தையல். பாக்கெட் துண்டுல நடுவுல தையலே இல்லை. தையல் சரியா கால் இன்ச்சா இருந்தாத்தான் இந்த ரெண்டும் ஒரே நீளம். என் ஏழரை மிமீ கணக்குல சதுர ஜோடி 2.3 மிமீ சுருங்கிடும், பாக்கெட் துண்டு சுருங்காது. அதைச் சரிக்கட்ட பாக்கெட் பக்கம் இன்னும் உள்ள தைக்கணும். தச்சா ஊசி பாக்கெட் மேல ஏறிடும், ஓரம் உள்ள மாட்டிக்கும். வேற வேற எண்ணிக்கையில தையல் இருக்கிற துண்டுங்க பக்கத்துப் பக்கத்துல உக்காரணும்னா, எல்லாரும் ஒரே மாதிரி தப்பு பண்றதும் உதவாதுன்னு அப்பத்தான் புரிஞ்சுச்சு. நாலு வரி, 44 தையல். பிளேடை எடுத்து உக்காந்தேன்.

புதுத்துணியைப் பிரிக்கிறதும் பதினஞ்சு வருஷம் வேர்வை குடிச்ச சட்டையைப் பிரிக்கிறதும் ஒண்ணில்லை. நூலை அறுத்தா துணியும் கூடவே வருது. மூணு சதுரம் கிழிஞ்சுது. மூணுமே சட்டைத் துண்டு. மூணாவது கிழிஞ்சப்ப பிளேடைக் கீழ வச்சுட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன். மேல விவரம் வேண்டாம்.

திரும்ப வந்து மெஷினை முதல்ல சரி பண்ணினேன். நீங்க எப்பவாச்சும் பண்ண வேண்டி வந்தா இதை வச்சுக்கங்க. நம்ம எல்லார்கிட்டயும் மிமீ கட்டம் போட்ட கிராஃப் ஷீட் இருக்கும். அதோட ஓரத்தை ஒரு கோட்டு மேலயே சரியா வெட்டிக்கணும். அங்க இருந்து ஆறாவது மிமீ கோட்டுல ஊசி இறங்குற மாதிரி பேப்பரை வச்சு, மிதிக்காம, சக்கரத்தைக் கையால சுத்தி ஊசியை இறக்கணும். பேப்பர் கோணாம இருக்கான்னு பார்த்துட்டுப் பாதத்தையும் இறக்கிடணும். இப்ப பேப்பரோட ஓரம் எங்க நிக்குதோ அதுதான் துணி விளிம்பு போக வேண்டிய பாதை. அதை ஒட்டி இன்சுலேஷன் டேப்பை ஒண்ணு மேல ஒண்ணா ஆறு ஏழு அடுக்கு ஒட்டினேன், குட்டிச்சுவர் மாதிரி. துணி அதுல முட்டி நேராப் போகும். துணியை நகர்த்துற பல் மேல மட்டும் டேப் ஏறக் கூடாது.

ஏன் ஆறு, 6.35 இல்லையான்னு கேப்பீங்க. தச்சு முடிச்சுத் துணியை மடக்கி இஸ்திரி போடும்போது அந்த மடிப்பே கொஞ்சம் துணியை எடுத்துக்கும். அதனால கால் இன்ச்சுக்கு ஒண்ணு ரெண்டு இழை கம்மியாத் தைக்கணும். அம்மா இதைப் பேர் வச்சுச் சொல்ல மாட்டாங்க, "முடி அளவு வெளிய வா"ம்பாங்க. துணி தடியா இருந்தா இன்னும் கொஞ்சம் கம்மி. அதனால அளவை நம்பாம சோதிச்சுப் பார்த்துடணும். ஒன்றரை இன்ச் அகலத்துல மூணு துண்டு வேஸ்ட் துணி வெட்டி, பக்கத்துப் பக்கமா இணைச்சு, இஸ்திரி போட்டு, நடுத்துண்டை மட்டும் அளக்கணும். சரியா ஒரு இன்ச், 25.4 மிமீ இருக்கணும். ரெண்டு தையலோட தப்பும் நடுத்துண்டு மேலதான் விழும், அதனால மறைக்க முடியாது. எனக்கு முதல் தடவை 26 வந்துச்சு. டேப்பை ஒரு நூல் தள்ளி ஒட்டினேன். ரெண்டாவது தடவை ஸ்கேல்ல ஒரு இன்ச் கோட்டுல உக்காந்துச்சு. இந்தச் சோதனைக்கு மொத்தமே கால் மணி நேரம். இதை முதல் நாளே பண்ணியிருந்தா மூணு சட்டைத் துண்டு மிச்சம்.

ஓட்டும்போது ஊசியைப் பார்க்காதீங்க, டேப் ஓரத்தைப் பாருங்க. பின்னாடி இருந்து துணியை இழுக்காதீங்க. கடைசி அரை இன்ச்சுல துணியோட வால் ஒரு பக்கமாத் திரும்பும், அங்கதான் பாதிப்பேர் விடுவாங்க. ஒரு ஜோடி முடிஞ்சதும் நூலை அறுக்காம அடுத்த ஜோடியை உள்ள விட்டா, எல்லாம் திருவிழாத் தோரணம் மாதிரி வரிசையாத் தொங்கிட்டு வரும். நூலும் மிச்சம், ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்துல நூல் சிக்குற தொல்லையும் இல்லை. இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்கக் கூடாது, தூக்கித் தூக்கி வைக்கணும். தேய்ச்சா சதுரம் சாய்சதுரம் ஆயிடும். ஒரு வரியில மடிப்பெல்லாம் இடது பக்கம், அடுத்த வரியில வலது பக்கம் படுக்கிற மாதிரி அமுக்கினா, ரெண்டு வரியையும் சேர்க்கும்போது மூட்டும் மூட்டும் கோர்த்து உக்காரும். கண்ணை மூடிட்டு விரலால தடவினாலே தெரியும். அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

கிழிஞ்ச மூணு சதுரத்தை என்ன பண்றதுன்னு தெரியாம தனியா வச்சிருந்தேன். அதுவரைக்கும் அப்பத்தாவுக்கு யாரும் சொல்லல. ஆனா வீடு எவ்வளவு பெருசு? அதுவே எடுத்துப் பார்த்துச்சு. என்னைத் திட்டும்னு நினைச்சேன். தன்னோட சேலைத் துண்டுல இருந்து விரல் நீளத்துக்குக் கிழிச்சு, ஓரத்தை மடிச்சு, கிழிசல் மேல வச்சு, கைத்தையல் போட ஆரம்பிச்சுடுச்சு. "ஏன்டா பேராண்டி, நாங்கள்லாம் என்ன அளந்தா தச்சோம்?"

கேள்வி நியாயமானது. லயத்துல பழஞ்சேலையை அடுக்கி, ஓட்டை விழுந்த இடத்துல ஒட்டுப் போட்டு, கையால ஓட்டி ஓட்டித் தச்ச போர்வையிலதான் அவங்க இத்தனை வருஷம் படுத்தாங்க. ஒண்ணும் கோணலாப் போகலையே? ராத்திரி அதையே யோசிச்சுட்டு இருந்தேன். கர்நாடகாவுல உத்தர கன்னட மாவட்டத்துல சித்தி மக்கள்னு இருக்காங்க, ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்களோட வம்சம். அவங்க பெண்கள் தைக்கிற போர்வைக்குப் பேர் கவந்தி. பழைய துணிதான். ஒரு மூலையில ஆரம்பிச்சு, ஓரத்தைச் சுத்திச் சுத்தி உள்ள வந்து நடுவுல முடிப்பாங்க. ஒரு துண்டு முடிஞ்ச இடத்துல என்ன இடம் மிச்சம் இருக்கோ அதைப் பார்த்து அடுத்த துண்டு. கடைசியில நாலு மூலையிலயும் மடிச்ச துணியில ஒரு பூ. ஸ்கேலே வேண்டாம்.

அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல கீஸ் பெண்ட்னு ஒரு ஆத்து வளைவு. அங்க அடிமைகளா இருந்தவங்களோட வாரிசுகள் தச்ச போர்வைங்க இன்னிக்கு உலகம் முழுக்க மியூசியத்துல தொங்குது. அதுல ஒண்ணு 1942ல மிசூரி பெட்வேன்னு ஒரு அம்மா, புருஷன் இறந்ததும் அவர் வேலைக்குப் போட்டுட்டுப் போன துணிகளை வெட்டித் தச்சது. மகளும் கூட உதவியா இருந்தாங்க. இப்ப அது வாஷிங்டன் நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட்ல இருக்கு. போட்டோவைத் தேடிப் பாருங்க. ஒரு கோடும் நேரா இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்துச்சு. அப்ப நான் எதுக்கு 44 தையலைப் பிரிச்சேன்?

விடை கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்துலயே இருக்கு. அப்பத்தாவும் சித்திப் பெண்களும் தைக்கிறது குளோஸ்டு லூப். ஒவ்வொரு துண்டும் ஏற்கெனவே தச்சதைப் பார்த்துட்டு வைக்கிறது. தப்பு வந்தா அடுத்த துண்டே அதை வாங்கிக்கும், சேர்த்து வைக்காது. என்னோடது ஓப்பன் லூப். எல்லாத்தையும் முன்னாடியே ஒரே அளவுல வெட்டியாச்சு, நடுவுல பார்த்துத் திருத்த வழியே இல்லை. அந்த மாதிரி முறையில மொத்தப் பொறுப்பும் அந்தக் கால் இன்ச் தலையில விழுது. அப்பத்தாகிட்ட இதைச் சொன்னேன். "அதான் நானும் சொல்றேன், பார்த்துத் தைடான்னு"ன்னுச்சு.

மிச்சத்தை ஒம்பது நாள்ல முடிச்சோம். வெட்டின சதுரத்தை மாத்த முடியாது. அதனால ஓப்பன் லூப்லயே போனேன், ஆனா அப்பத்தா பேச்சைப் பாதி கேட்டு மூணு வரிக்கு ஒரு தடவை அளந்து பார்த்தேன். அம்மா தச்ச ரெண்டு வரியும் பிரிக்காம அப்படியே சேர்ந்துச்சு. பாக்கெட்டோட நாலு மூலையும் பக்கத்து மூட்டுங்களோட சேர்ந்து உக்காந்துச்சு. உள்ள தாத்தாவோட ரெண்டு வேட்டி, பின்பக்கம் அப்பத்தாவோட சேலை. மூணு அடுக்கையும் அப்பத்தாவே கைத்தையல்ல பிடிச்சு முடிச்சுது. பிரிச்சுத் தச்ச நாலு வரியில மட்டும், இப்போதைய தையலுக்கு ஒரு மிமீ தள்ளிப் பழைய ஊசி ஓட்டைங்க புள்ளி புள்ளியாத் தெரியும். துவைச்சா மூடிக்கும்னு அம்மா சொன்னாங்க. ஒரு தடவை துவைச்சாச்சு. பாதிதான் மூடியிருக்கு.

ஆவணி ரெண்டாவது திங்கக்கிழமை அப்பத்தா ஜீப்ல ஏறுச்சு. போர்வையைச் சாக்குல சுருட்டி மடியில வச்சிருந்துச்சு. சனிக்கிழமை இறங்கினதும் ஓடிப்போய்க் கேட்டேன், குளிர் தாங்குச்சா அப்பத்தா?

"தாங்குது. கால் பக்கம்தான் எட்டல. இன்னும் ரெண்டு வரி போடு."

ரெண்டு வரின்னா 24 சதுரம். சட்டை தீர்ந்துடுச்சு, எல்லாம் சேலையிலதான் வெட்டணும். மெஷின்ல ஒட்டின டேப்பை, ஜாக்கெட் ஆர்டர் வந்துச்சுன்னு அம்மா பிச்சுப் போட்டுட்டாங்க. இதை எழுதி முடிச்சுட்டு மறுபடி ஒரு கிராஃப் ஷீட்டும், ஒன்றரை இன்ச்சுல மூணு துண்டுத் துணியும் வெட்டணும்.